ஏழாவது உறுப்பினர்

ஓர்வில் டோலிஃப்சன் ஜனவரிக் கடைசியில் இறந்துபோனார். மே மாதம் வந்தும் அவருடைய வாக்குரிமை போகவில்லை. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். ஓர்வில் செத்தும் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

வடக்கு மின்னசோட்டாவில் பனிக்காலத்தில் சாகிறவர்கள் உடனே மண்ணுக்குள் போக முடியாது. தரை இரும்பாக இறுகிக் கிடக்கும். அதற்காக நோர்ட்லன் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மேட்டைக் குடைந்து கல்லால் ஒரு கிடங்கு கட்டியிருக்கிறார்கள். சவப்பெட்டிகள் அதற்குள் வசந்தம் வரை காத்திருக்கும். தரை இளகியதும் கென்னி தன் பொக்லைனை ஓட்டிக்கொண்டு வந்து வரிசையாகக் குழி தோண்டுவான். அந்த வருஷமும் வந்தான், தோண்டினான். காத்திருந்த எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். கிடங்கில் ஒரே ஒரு பெட்டி மிச்சமிருந்தது.

அது ஓர்வில்.

அவர் மனைவி ஆர்டிஸ், பொக்லைன் பக்கத்தில் போய் நின்றாள்.

“கென்னி, எங்க வீட்டுக்காரர் எப்ப?”

கென்னி இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். “எனக்கு அரை நாள் வேலைதான் ஆர்டிஸம்மா. டுவெய்ன் கையெழுத்துப் போட்ட சீட்டு வேணும். மத்தவங்களுக்கெல்லாம் வந்திருச்சு. உங்களுக்கு மட்டும் வரல.”

“மறந்திருப்பாரோ?”

“அவரா? அவரு எதையும் மறக்க மாட்டாரு. முடிவுதான் பண்ண மாட்டாரு.”

டுவெய்ன் ஹாக்பெர்க் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கல்லறைத் தோட்டக் குழுவுக்குத் தலைவர். நோர்ட்லன் முதலீட்டுச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அந்த ஊரில் எல்லாக் குழுக்களிலும் அதே ஆறு பேர்தான். அதே லூத்தரன் தேவாலயக் கீழறை, அதே காபி அண்டா, அதே மடக்கு நாற்காலிகள். மேசைமேல் வைக்கிற பெயர்ப்பலகை மட்டும் மாறும். முதலீட்டுச் சங்கத்தில் மட்டும் ஆறு பேரோடு ஏழாவதாக ஓர்வில் இருந்தார். விதிப்படி ஏழு பேர் இல்லாவிட்டால் சங்கம் எந்தத் தீர்மானமும் போட முடியாது.

ஆர்டிஸ் டுவெய்ன் வீட்டுக்குப் போனபோது அவர் அவளை உட்காரவைத்து, எலுமிச்சை பார் என்ற இனிப்புத் துண்டுகள் ஒரு தட்டு நீட்டினார். அவள் வேண்டாம் என்றாள். மறுபடி நீட்டினார். மறுபடி வேண்டாம் என்றாள். மூன்றாவது முறை நீட்டியபோது எடுத்துக்கொண்டாள். அந்த ஊரில் முதல் தடவையே எடுத்துக்கொள்கிறவர்களைப் பற்றிப் பல வருஷங்களுக்குப் பேசுவார்கள்.

“அனுமதி இல்லன்னு யாரும் சொல்லல ஆர்டிஸ்,” என்றார் டுவெய்ன். குரலில் தேன் வழிந்தது. “ஒத்திவச்சிருக்கோம், அவ்வளவுதான்.”

“எதுக்கு ஒத்திவைக்கணும்? அவர்தான் செத்துட்டாரே.”

டுவெய்ன் முகம் சுளித்தார். ஏதோ கெட்ட வார்த்தை காதில் விழுந்துவிட்டது போலிருந்தது.

“நம்ம சங்கத்து விதிப் புத்தகத்துல ஒரு வரி இருக்கு. ‘உறுப்பினர் மண்ணுக்குள் இறங்கும் வரை உறுப்பினரே.’ அந்தக் காலத்துல ஒருத்தர் டிசம்பர்ல போயிட்டாரு. அவரு பசங்க பெட்டி கிடங்குல இருக்கும்போதே பங்கைப் பிரிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. பெரியவங்களுக்கு மனசு கஷ்டமாப் போச்சு. அதனால எழுதி வச்சாங்க. இப்ப யோசிச்சுப் பாருங்க. ஓர்வில் இன்னும் தரைக்கு மேலதான இருக்காரு?”

“கிடங்குல இருக்காரு.”

“கிடங்கு தரைக்கு மேலதான் வரும். நாங்க அளந்து பார்த்துட்டோம்.”

இந்த அளவுகோல் சமாச்சாரத்துக்குப் பின்னால் இருந்த விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். முதலீட்டுச் சங்கம் ஒரு பங்கை வாங்கியோ விற்றோ பல வருஷங்கள் ஆகிவிட்டன. முன்னோர்கள் வாங்கி வைத்த ரயில் கம்பெனிப் பங்கும் காலை உணவுக் கம்பெனிப் பங்கும் அப்படியே கிடந்தன. ஆராயாமல் எதையும் தொடக்கூடாது என்பது சங்கத்தின் கொள்கை. ஆராய்வதற்கு இணையத்தில் கருவிகள் இருக்கின்றன. எந்தக் கருவி என்பதில்தான் தகராறு. ‘லாந்தர்’ என்று ஒன்று, அது ஒவ்வொரு கம்பெனியின் குடலையும் உருவி எண்களாக அடுக்கிக் காட்டும். ‘ஏணி’ என்று இன்னொன்று, அது எண்களைக் காட்டாது. முதலீடு என்றால் என்ன என்று படிப்படியாகப் பாடம் நடத்தி, தேர்வு வைத்து, சான்றிதழ் கொடுக்கும். டுவெய்னையும் சேர்த்து மூன்று பேர் லாந்தர் பக்கம். பொருளாளர் லைலையும் சேர்த்து மூன்று பேர் ஏணி பக்கம். ஓர்வில் கடைசியாகப் போட்ட ஓட்டு, ‘இரண்டையும் இன்னும் ஒரு மாதம் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம்’ என்பது. புதிதாக ஓட்டுப் போடாத உறுப்பினரின் பழைய ஓட்டே நீடிக்கும் என்பது இன்னொரு விதி. ஆகவே ஓர்வில் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“சங்கத்தையே கலைச்சுட்டா என்ன?” என்று கேட்டாள் ஆர்டிஸ்.

“கலைக்கணும்னா பங்கையெல்லாம் விக்கணும். விக்கறதுக்கு முன்னாடி ஆராயணும். ஆராயணும்னா…” டுவெய்ன் கையை விரித்தார். “எந்தக் கருவின்னு முடிவாகணுமே!”

ஆர்டிஸுக்குத் தலை சுற்றியது. அவளுக்குப் பங்கும் வேண்டாம், பணமும் வேண்டாம். தன் கணவனைப் புதைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

*

ஜூன் மாதக் கூட்டத்துக்கு அவளையும் கூப்பிட்டார்கள். விருந்தாளியாக வந்து சுவரோரம் உட்காரலாம், பேசக்கூடாது.

கீழறையில் காபி வாசனையோடு ஈரச் சுவரின் வாசனையும் கலந்திருந்தது. மேசையைச் சுற்றி ஏழு நாற்காலிகள். ஏழாவதன் முன்னால் ஒரு கோப்பை, அதில் ஆவி பறக்கும் காபி. பால் ஊற்றாத காபி, பக்கத்தில் ஒரே ஒரு சர்க்கரைக் கட்டி. ஓர்வில் அப்படித்தான் குடிப்பார்.

செயலாளர் மேவிஸ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பெயர் கூப்பிட்டாள். மேவிஸுக்குக் குரல் எப்போதும் சாவு வீட்டுக் குரல். ஒவ்வொருவரும் “இருக்கேன்” என்றார்கள். கடைசியில்,

“ஓர்வில் டோலிஃப்சன்.”

அண்டா மட்டும் களக் களக் என்று கொதித்தது. ஆறு பேரும் அந்த நாற்காலியைப் பார்க்காமல், அதற்குச் சற்று மேலே சுவரைப் பார்த்தார்கள். மேவிஸ் பொறுத்திருந்தாள். ஒரு மனிதன் எழுந்து பதில் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் பொறுத்திருந்தாள்.

“மறுப்பு இல்ல,” என்று எழுதிக்கொண்டாள். “இருக்கார்.”

பிறகு டுவெய்ன் எழுந்து பேசினார்.

“நண்பர்களே, போன காலாண்டுக்கு லாந்தர் அனுப்பின அறிக்கை வந்திருக்கு. நம்ம ஒவ்வொருத்தருக்கும் பயிற்சிக்காக ஒரு கற்பனைக் கணக்கு குடுத்திருந்தாங்கல்ல, அதுல யாரு நல்லா பண்ணியிருக்காங்கன்னு. முதல் இடம்…” தொண்டையைச் செருமினார். “ஓர்வில்.”

கைதட்டினார்கள்.

“நாமெல்லாம் செய்தியைப் பார்த்துப் பதறி மாத்தி மாத்தி வாங்கினோம், வித்தோம். நான் இருக்கறதுலயே கடைசி. மறைக்கல. ஆனா ஓர்வில் ஜனவரில இருந்து ஒரு தடவகூடக் கை வைக்கல. சந்தை ஏறுச்சு, அசையல. விழுந்துச்சு, அசையல. இந்த நிதானம்தான் நான் இருபது வருஷமா உங்ககிட்டச் சொல்லிட்டு வர்றது. ஒரு நல்ல முதலீட்டாளர் எப்படி இருக்கணும்னா, ஓர்வில் மாதிரி இருக்கணும்!”

ஏணிக் கட்சி லைல் விட்டுக்கொடுப்பாரா? அவர் பழைய டிராக்டர் வியாபாரி, பெரிய உடம்பு, எழுந்தபோது மேசை ஆடியது.

“ஏணிலயும் ஓர்வில்தான் முதல். அவங்க சொல்றாங்க, முதலீட்டாளருக்கு மூணு எதிரி. பயம், பேராசை, அவசரம். மூணும் இல்லாத ஒரே மாணவர் நம்ம மாவட்டத்துலயே ஓர்வில்தான். பாடத்தைப் பாதியில விட்டுட்டாரு, அதான் ஒரு குறை.”

ஆர்டிஸ் சுவரோரம் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நாற்பத்தொன்பது வருஷம் கூடக் குடித்தனம் செய்தவள் அவள். ஓர்வில் ஒரு இடத்தில் பத்து நிமிஷம் சும்மா உட்காராத மனிதர். படகு வாங்குவார், விற்பார், மறுபடி அதே படகை அதிக விலைக்கு வாங்குவார். உயிரோடு இருந்தபோது சங்கத்திலேயே மோசமான முதலீட்டாளர் என்று பெயரெடுத்தவர். செத்த பிறகு நன்றாகத் தேறிவிட்டார்.

அறிக்கை முடிந்ததும் ஓட்டெடுப்பு. லாந்தருக்கு மூன்று, ஏணிக்கு மூன்று, இன்னும் ஒரு மாதத்துக்கு ஒன்று. ஒத்திவைக்கப்பட்டது. கல்லறைக் குழுவின் பலகையை எடுத்து வைத்தார்கள். முதலீட்டு விவகாரம் முடியாததால் ஓர்வில் அடக்கமும் ஒத்திவைக்கப்பட்டது. நாற்காலிகளை மடக்கும்போது ஆர்டிஸ் ஓர்வில் கோப்பையைப் பார்த்தாள். காலியாக இருந்தது. சர்க்கரைக் கட்டியையும் காணோம்.

 

*

வீட்டில் சமையலறை அலமாரியில் ஓர்வில் டேப்லெட் சார்ஜில் இருந்தது. சாயங்காலமானால் அது தானாக ஒளிரும், மணி போல ஒரு சின்னச் சத்தம் வரும். ‘ஓர்வில், உங்களைக் காணோமே!’ என்று ஏணி கேட்கும். ‘ஒன்பதாம் பாடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.’ இன்னொரு நாள், ‘ஓர்வில், காலம் உங்கள் நண்பன். மறந்துவிடாதீர்கள்.’ முதல் தடவை அதைப் பார்த்தபோது ஆர்டிஸ் கையிலிருந்த தட்டைப் போட்டு உடைத்தாள்.

அதை அணைத்துவிடலாம். பொத்தான் எது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அணைக்கவில்லை. அந்த வீட்டில் ஓர்வில் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேறு யாரும் இல்லை. சாயங்காலமானால் சமையலறைக்கு வந்து காத்திருக்கத் தொடங்கினாள். தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் காத்திருந்தாள்.

பகலில் கிடங்குக்குப் போவாள். இரும்புக் கதவுக்கு முன்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊர்க்கதை சொல்லுவாள். ஜூலையில் கொசு பிடுங்கியது. கதவின் இடுக்கு வழியாக உள்ளிருந்து குளிர் வந்துகொண்டேயிருந்தது. சில நாள் உள்ளே மரம் நெரியும் சத்தம் கேட்கும். வெயிலுக்குப் பலகை விரிவது, வேறொன்றுமில்லை என்று கென்னி சொல்லியிருந்தான். சரிதான். ஆனால் அவள் பேச்சை நிறுத்தும்போதுதான் அது நெரிந்தது.

ஆகஸ்டில் டுவெய்ன் ஒரு வழியோடு ஆர்டிஸ் வீட்டுக்கு வந்தார். ஓர்வில் சார்பில் ஆர்டிஸே ஓட்டுப் போடலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் விவகாரம் முடிந்தது, மறுநாளே கென்னிக்குச் சீட்டு. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று ஆர்டிஸ் சந்தோஷப்பட்டாள்.

“ஒரே ஒரு சின்ன வேலை,” என்றார் டுவெய்ன். “ஓட்டுப் போடறவர் தகுதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லணும். லாந்தர், ஏணி ரெண்டுலயுமே கேக்கறாங்க. ஆனா பதில் உங்களோடதா இருக்கக்கூடாது. கணக்கு ஓர்வில் பேர்லதான இருக்கு.”

அவர் ஓர்வில் டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தலைமையாசிரியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்.

“வயசு?”

“எழுபத்தெட்டு.”

“இனிமே கூடாதுல்ல?”

“கூடாது.”

“நல்லது. அடுத்தது. ‘இந்தப் பணம் உங்களுக்கு எப்போது தேவைப்படும்?’”

ஆர்டிஸ் அவரையே பார்த்தாள். டுவெய்ன் இருப்பதிலேயே நீளமான காலத்தைத் தேர்ந்தெடுத்தார்.

“‘சந்தை திடீரென்று பாதியாக விழுந்தால் என்ன செய்வீர்கள்? விற்பேன், வைத்திருப்பேன், இன்னும் வாங்குவேன்.’”

“அவரு என்ன பண்ணுவாரு டுவெய்ன்? படுத்திருப்பாரு.”

“வைத்திருப்பேன்,” என்று சொல்லிக்கொண்டே டுவெய்ன் அழுத்தினார். “‘நஷ்டம் வந்தால் உங்கள் தூக்கம் கெடுமா?’”

ஆர்டிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டுவெய்ன் கெடாது என்று அவராகவே போட்டுக்கொண்டார். திரையில் வண்ணக் காகிதத் துண்டுகள் பறந்தன. ‘வாழ்த்துகள் ஓர்வில்! நீங்கள் அஞ்சாதவர். உங்களைப் போன்றவர்கள் ஆயிரத்தில் ஒருவர்.’

அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்தபோது டுவெய்ன் போயிருந்தார். மேசையில் ஒரு பெரிய பாத்திரத்தில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகவைத்த ஹாட்டிஷ் வைத்துவிட்டுப் போயிருந்தார். மூடியில் ஒட்டியிருந்த தாளில் ‘ஆர்டிஸுக்கும் ஓர்வில்லுக்கும்’ என்று எழுதியிருந்தது.

செப்டம்பர் கூட்டத்தில் அவளை ஏழாவது நாற்காலியிலேயே உட்காரவைத்தார்கள். அவளுக்குக் கோப்பை வைக்கவில்லை. ஓர்வில் கோப்பை இருந்தது. பெயர் கூப்பிட்டபோது, அவள் வாய் திறக்கும் முன்பே மேவிஸ் “ஓர்வில் இருக்கார்” என்று எழுதிவிட்டாள். இரண்டு கருவிகளுக்கும் ஆர்டிஸுக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. கண்ணை மூடிக்கொண்டு,

“ஏணி,” என்றாள்.

ஏணிக்கு நாலு, லாந்தருக்கு மூன்று. ஏணிக் கட்சி ஜெயித்துவிட்டது. ஆனால் ஜெயித்த மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

“அது… ஒரு வித்தியாசமான தேர்வு,” என்றார் டுவெய்ன். அந்த ஊரில் இதைவிடக் கடுமையாகத் திட்ட முடியாது.

லைல் மெதுவாக எழுந்தார். “தலைவர் அவர்களே, எனக்கு ஒரு சந்தேகம். ஓர்வில்லுக்கு ‘அஞ்சாதவர்’னு முடிவு வந்திருக்கு. அஞ்சாதவங்க அவசரப்பட்டு முடிவெடுப்பாங்க, அதனால ஆறப்போட்டு மறுபடி கேக்கணும்னு ஏணியோட ஒன்பதாம் பாடமே சொல்லுது.”

“உங்க கட்சிதானே ஜெயிச்சது லைல்!” என்று ஆர்டிஸ் கத்திவிட்டாள்.

“அதனாலதான் சொல்றேன். ஜெயிக்கும்போதுதான் ஜாக்கிரதையா இருக்கணும். அது எட்டாம் பாடம்.”

ஆறு பேரும் கையைத் தூக்கினார்கள். அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பார்கள் என்று தெரியும். இவர்கள் அதற்கு வழிமொழிந்து, நிறைவேற்றி, குறிப்பேட்டிலும் ஏற்றினார்கள்.

*

அக்டோபரில் இலைகள் கொட்டின. காலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்தது. கிடங்கு வாசலில் உட்கார்ந்திருந்த ஆர்டிஸிடம் கென்னி வந்து சொன்னான்.

“சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இன்னும் ஒரு ரெண்டு வாரம் தாங்கும். அதுக்கு மேல மண்ணு இறுகிரும். அப்புறம் மேதான்.”

இன்னொரு குளிர்காலம். அந்த இருட்டில், அந்தக் கல்லுக்குள், தனியாக. ஆர்டிஸ் எழுந்து போகலாம் என்று நினைத்தபோது மேட்டின் கீழே ஒரு பெரிய உருவம் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வருவதைப் பார்த்தாள். லைல்.

அவர் வந்து கதவுப் படியில் உட்கார்ந்தார்.

“காபி நான்தான் குடிச்சேன்,” என்றார். “ஒவ்வொரு மாசமும். அது அப்படியே ஆறிப்போய்க் கிடந்தா பார்க்க முடியல.”

“லைல், ஏன் என்னை இப்படிப் பண்றீங்க எல்லாரும்? நான் என்ன கேட்டுட்டேன்?”

“உங்களுக்கு எதிரா இல்ல ஆர்டிஸ்.” அவர் குரல் இறங்கியது. “பாருங்க, நாங்க ஏழு பேரும் ஒண்ணாப் பள்ளிக்கூடம் படிச்சவங்க. இதுவரைக்கும் எங்கள்ல யாரும் போகல. ஓர்வில்லும் இன்னும் போகல, விதிப்படி. அவரு உள்ள இறங்கிட்டா ஆரம்பிச்சிரும். அடுத்தது யாருன்னு ஒவ்வொருத்தரும் மத்தவங்க மூஞ்சியப் பார்ப்போம். எனக்கு நெஞ்சுல ரெண்டு குழாய் வச்சிருக்கு. மேவிஸ் டாக்டர்கிட்டப் போறதையே நிறுத்திட்டா. டுவெய்னுக்குப் போன மாசம் என் பேரே மறந்துபோச்சு, சமாளிச்சுட்டாரு. மாசம் ஒரு தடவை அங்க உக்காந்து, லாந்தரா ஏணியான்னு பேசிக்கிட்டு இருந்தா, இன்னும் ஆரம்பிக்கவே இல்லன்னு தோணுது. ஆரம்பிக்காதது எப்படி முடியும்?”

ஆர்டிஸுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. கோபமும் வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“உங்க பயத்துக்கு என் புருஷனை வெளிய நிறுத்தி வச்சிருக்கீங்க,” என்றாள். “நான் இன்னும் விதவைகூட ஆகல லைல். துக்கம் கொண்டாடக்கூட விடல நீங்க.”

லைல் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும், “அடுத்த மாசம் பார்க்கலாம்,” என்றுதான் சொன்னார்.

அன்று சாயங்காலம் டேப்லெட் ஒளிர்ந்தது. ‘ஓர்வில், உங்கள் இலவசச் சோதனைக் காலம் மேலும் நீட்டிக்கப்பட்டுள்ளது! எந்தப் பொறுப்பும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்.’ ஆர்டிஸ் அதை மறுபடி மறுபடி படித்தாள். பிறகு அவசரக் கூட்டம் வேண்டும் என்று டுவெய்னுக்குத் தொலைபேசினாள்.

கீழறையில் கல்லறைக் குழுவின் பலகை. ஆர்டிஸ் எழுந்து நின்றாள். வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

“நான் அடக்கம் கேட்க வரல,” என்று ஆரம்பித்தாள். “அது பெரிய முடிவு. இவ்வளவு சீக்கிரம் முடிவு பண்ணக்கூடாது. அதுல எனக்கும் சந்தேகம் இல்ல.”

ஆறு தலைகளும் ஆமோதித்து ஆடின. இவள் தேறிவிட்டாள் என்று டுவெய்ன் கண்களில் பெருமிதம்.

“அதனால ஒரு யோசனை. அடக்கத்தை ஒரு மாசம் சோதனைக்கு எடுத்துப் பார்க்கலாம். இலவசமா. எந்தப் பொறுப்பும் இல்ல. கிடங்கு எப்படி இருக்குன்னு ஆராய்ஞ்சுட்டோம். மண்ணு எப்படி இருக்குன்னு தெரியாமலே எப்படி ஒப்பிடறது? பிடிக்கலன்னா ரத்து பண்ணிக்கலாம்.”

அந்த ஆறு முகங்களிலும் பல வருஷங்களாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது.

“எப்ப வேணாலும் ரத்து பண்ணிக்கலாமா?” என்றாள் மேவிஸ்.

“எப்ப வேணாலும்.”

“இது முடிவு ஆகாது,” என்றார் டுவெய்ன், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. “இது ஆராய்ச்சி. ஆர்டிஸ், இத்தனை மாசம் எங்ககூட உக்காந்தது வீண்போகல. இப்பதான் நீங்க ஒரு முதலீட்டாளர் மாதிரி யோசிக்கறீங்க!”

யார் வழிமொழிவது என்பதில் போட்டி வந்துவிட்டது. ஒருமனதாக நிறைவேறியது. சீட்டில் ‘அடக்கம்’ என்ற இடத்தில் ‘சோதனை அடக்கம்’ என்று திருத்தி டுவெய்ன் கையெழுத்துப் போட்டார். கென்னி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எனக்கென்ன, குழி குழிதான்,” என்றான்.

*

அடக்கத்தன்று வானம் ஈயமாகக் கனத்துக் கிடந்தது. ஆறு பேரும் நல்ல கறுப்பு உடுப்பில் வந்திருந்தார்கள். டுவெய்ன் முதலீட்டுச் சங்கத்தின் பலகையைக் கையோடு கொண்டுவந்து குழியோரத்தில் வைத்தார். சோதனையின் தொடக்கத்தை முறைப்படி பதிவு செய்ய வேண்டுமாம். பெட்டி பட்டைகள்மேல் குழிக்கு நேராகக் காத்திருந்தது. மேவிஸ் பெயர் கூப்பிட்டாள். ஓர்வில் பெயருக்கு எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். இந்த முறை சுவர் இல்லை, பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை.

“இருக்கார்,” என்றாள் மேவிஸ்.

“கூட்டம் தொடங்குகிறது,” என்றார் டுவெய்ன். “நண்பர்களே, நாம் இன்று எந்த முடிவும் எடுக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் சங்கத்தின் பலமே…”

“கென்னி, எது கீழ இறக்கற பிடி?” என்றாள் ஆர்டிஸ்.

கென்னி காட்டினான். அவள் குனிந்து அதைத் தானே தளர்த்தினாள். பெட்டி ஒரு குலுக்கலோடு நகர்ந்து, ஒரு பக்கம் சாயாமல், சீராக இறங்கியது. டுவெய்ன் பேசிக்கொண்டேயிருந்தார். பெட்டியின் மூடி புல்லின் மட்டத்தைத் தாண்டிக் கீழே போனதும், மேவிஸின் பேனா நின்றது.

“டுவெய்ன்,” என்றாள் அவள். “மண்ணுக்குள்ள இறங்கிட்டாரு.”

“அதனால என்ன? சோதனைதான.”

“இறங்கற வரைக்கும்தான் உறுப்பினர். இப்ப நம்ம ஆறு பேருதான்.”

டுவெய்ன் விரல் மடக்கி ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தார்.

“சரி, கூட்டத்தை முடிச்சுக்கலாம்,” என்றார் லைல்.

“முடிக்கணும்னா தீர்மானம் போடணும்,” என்றாள் மேவிஸ். “தீர்மானத்துக்கு ஏழு பேரு வேணும். தலைவர் கூட்டத்தை முடிக்காம யாரும் எழுந்து போகக்கூடாது, விதி.”

ஒருவரும் அசையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். லைல் சொன்ன அதே பார்வை. பெட்டியின் அடி மண்ணைத் தொட்ட சத்தம் கேட்டது.

கென்னி ஆர்டிஸ் பக்கத்தில் வந்து காதோடு கேட்டான். “மண்ணைத் தள்ளிரட்டுமா?”

“தள்ளு.”

“இவங்க?”

“இவங்களைச் சுத்தித் தள்ளு.”

அவள் முதல் பிடி மண்ணைப் போட்டாள். சில்லென்றிருந்தது. பிறகு மேட்டிலிருந்து இறங்கித் தேவாலயத்துக்குப் போனாள். அடக்கத்துக்குப் பிறகு எல்லோரும் சாப்பிடுவதற்காகக் காலையிலேயே கீழறையில் பன்றி இறைச்சி பன்களை அடுக்கி, அண்டாவில் காபி போட்டு வைத்திருந்தாள். யாரும் வரவில்லை. சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மேட்டில் ஆறு கறுப்பு உருவங்கள் அப்படியே நின்றன. வருஷத்தின் முதல் பனி விழ ஆரம்பித்திருந்தது. அவர்கள் தோளில் அது படிந்தது, ஒருவரும் தட்டிவிடவில்லை.

ஆர்டிஸ் மேசைக்கு வந்து உட்கார்ந்து ஒரு பன்னை எடுத்தாள். யாரும் நீட்டாமலே எடுத்துச் சாப்பிட்டாள். ஜனவரிக்குப் பிறகு அன்றுதான் அவளுக்குப் பசித்தது. பாதி சாப்பிடும்போதே அழுகை வந்தது. வாயில் பன்னோடு, மூக்கு ஒழுக, குரலை அடக்காமல் அழுதாள்.

“ஓர்வில் செத்துட்டாரு,” என்று அந்தக் காலி நாற்காலிகளிடம் சத்தமாகச் சொன்னாள்.

அதை ஒத்திவைக்க அங்கே யாரும் இருக்கவில்லை.